ஆழம் என்ற கட்டம்

ஞாயிற்றுக்கிழமை, மழை விடாத தலவாக்கலையில்
பன்னிரண்டு கடைகளில் கருவாடு வாங்கினேன்.
வகைக்கு ஐம்பது கிராம்.
"இவ்வளவுதானா மிஸ், பூனைக்கா?"
என்றார் நிலாம்டீன் முதலாளி.
ஆமாம் என்றேன்.
இல்லாத பூனைக்கு ஒரு துண்டு கூடவே போட்டார்.

தலையில்லை. தோலில்லை. செதிலில்லை.
உப்பு, வெயில், சாக்கு, லொறி,
புறக்கோட்டையில் ஒரு கை, கினிகத்தேனையில் ஒரு கை.
மலையேறி வருவதற்குள்
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.
பெயர் மட்டும் பலகையில், சோக்கட்டி எழுத்தில்:
கட்டா. பாரை. சுறா.
சாரல் அடித்து சுறாவின் துணைக்கால் கரைந்து
வெறும் சுற.

ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரி
நாவலப்பிட்டி வரை பொறுத்திருந்தாள்.
பிறகு எழுந்து கதவடியில் நின்றாள்.

பேராதனையில்
அரிசியளவு வெட்டி, உப்பைக் கழுவி,
குழாய்க்கு ஒன்றாக நாற்பத்து மூன்று.
ஒரு மீனைச் சொல்ல
அறுநூற்று ஐம்பத்தெட்டு எழுத்து வேண்டும்.
கருவாடு அவ்வளவு தராது,
முந்நூறில் உடைந்துவிடும்.
இருப்பதே நாலு எழுத்து.
அதில் உயிரும் இல்லை, மெய்யும் இல்லை.
நெடுங்கணக்கு தெரியாத மொழியில்தான்
நெத்தலியும் திமிங்கிலமும்
தம்மைத் தாமே எழுதி வைத்திருக்கின்றன.

பதினொரு நாளில் பதில் வந்தது.
கட்டா என்று விற்ற ஆறில்
கட்டா இரண்டு.
பாரையில் ஒன்று திருக்கை.
நிலாம்டீன் கடைச் சுறா சுறாவேதான்,
ஆனால் பிடிக்கவே கூடாதென்று
சட்டம் சொல்லும் நீளவால் சுறா.
அவருக்குத் தெரியாது.
சாக்கு கட்டியவனுக்கு?
படகில் இருந்தவனுக்கு?
அறிக்கையில் த-7 என்று எழுதினேன்.
த-7இன் மேசையில் இரண்டு கடன் கொப்பிகள்,
ஒன்றில் எங்கள் லயத்தின் பாதி இருக்கிறது
என்பதற்கு அட்டவணையில் இடமில்லை.

பத்தொன்பதாம் குழாய் மீனே அல்ல.
மனிதர், என்றது கணினி. நூற்றுக்கு நூறு.
கையுறை எங்கோ கிழிந்திருக்க வேண்டும்.
யோகமலர் என்ற என் பெயர்
அடையாள அட்டையில் யொகாமாலர்.
திருத்தப் போன மூன்று தடவையும்
கந்தோரில் வேறு வேறு பத்திரம் கேட்டார்கள்.
இங்கே ஒன்றும் கேட்கவில்லை.
தினூஷி விழுந்து விழுந்து சிரித்து
அந்தத் தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டினாள்.
குழாயை நான் குப்பையில் போட்டேன்.
விதி அது.

முப்பத்தொன்றுக்கு யாருமே இல்லை.
மிக நெருங்கிய சொந்தம்
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.
அவ்வளவு தூரத்துச் சொந்தத்தை
கல்யாணத்துக்குச் சொல்லக்கூட மாட்டார்கள்.
மறுபடி செய்தேன், மறுபடியும்.
அதே எழுத்துகள்.
எவரும் பதியாத மீன்.
ஆனால் அந்தச் சாக்கின் மிச்சத்தை
வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வதக்கி
ரொட்டியோடு தின்று
பெரட்டுக்குப் போயிருப்பார்கள்
முப்பது வீட்டிலாவது.

பதிவுப் படிவம் திறந்திருக்கிறது.
பிடித்தவர்: தெரியாது.
படகு: தெரியாது.
நாள்: தெரியாது.
ஆழம், மீற்றரில்:
சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் நகராது.

இரவு ஒன்பதரை.
ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒருதரம் விக்கியது.
ஸ்டேஷன் பலகையில் பார்த்த உயரம் நினைவிருந்தது,
கழித்தல் குறி போட்டு
ஆயிரத்து இருநூறு என்று அடித்தேன்.
செல்லாத எண், என்றது.
குறியை எடுத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

இப்போது அந்தக் கட்டத்துக்குள்
ஆயிரத்து இருநூறு மீற்றர் ஆழத்தில்
தலவாக்கலை இருக்கிறது,
சாக்குகள், தராசு, கரைந்த சோக்கட்டி,
"பூனைக்கா மிஸ்?" என்று மேலே பார்க்கும் நிலாம்டீன்.

அனுப்பும் பொத்தானை
இன்னும் நான் அழுத்தவில்லை.